பேட்டரி டவுன்

"கார் மறுபடியும் ஸ்டார்ட் ஆவலடா, பேட்டரி டவுன்" என்று கோபால் போனில் சொன்ன அரை மணி நேரத்தில், மறைமலை நகரிலிருந்து தன் காரிலேயே வந்து இறங்கினான் தாண்டவராயன். கையில் ஜம்பர் கேபிள்.

"இன்னாடா, மூணு மாசத்துல மூணாவது தபா!"

"வண்டிய எங்க எடுக்கறேன்? சும்மாவே நிக்குது."

இரண்டு காரின் பேட்டரிக்கும் கேபிளை மாட்டி, சாவியைத் திருப்பியதும் கோபாலின் கார் உறுமியது. "கொஞ்ச நேரம் ஓடட்டும், சார்ஜ் ஏறணும்" என்று கோபால் நாற்காலி இழுத்துப் போட்டான். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். இருவரும் வேலை பார்த்து, இப்போது பூட்டிப்போன கார் கம்பெனி, பி ஷிப்ட் கேன்டீன் வடை, பஸ்ஸில் டிபன் பாக்ஸைப் போட்டு சீட்டுப் பிடித்தது, கடைசி நாள் கடைசி காரின் மேல் எல்லோரும் கை வைத்துக்கொண்டு நின்றது...

மூன்றாவது டீயோடு வந்த கோபாலின் மனைவி கங்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணா, உங்கள இப்டி அலைய வுடறாரு! பதினெட்டு வருசம் லைன்ல நின்னு காருக்கு பேட்டரி மாட்டினவரு. எடுக்காத வண்டிக்கு மைனஸ் ஒயரக் கழட்டி வச்சா பேட்டரி எறங்காதுன்னு இவருக்குத் தெரியாதா?"

கோபால் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"தெரியாம இன்னாம்மா? இவன் மாட்டின பேட்டரிக்கு பக்கத்துல நின்னு போல்ட்டு டைட் பண்ணவனே நான்தான்" என்றபடி தாண்டவராயன் கேபிளைச் சுருட்டினான். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் தன் காரில் ஏறிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினான்.

"டேய், அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு என் வண்டி டவுன் ஆயிடும். கேபிள் எடுத்துகினு வந்துடு."