பரிசலில் விழுந்த கத்தி

ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் நல்லுசாமி சூரிக்கத்தியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். கிதர் முகம்மது பள்ளிவாசலில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் காரியத்தை முடிக்க வேண்டும். தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் கூடவே உழைத்து, கூடவே வேலையை விட்டு நின்ற சிநேகிதர். தெரிந்தால் அப்புறம் அந்த முகத்தில் முழிக்க முடியாது.

கொல்ல வேண்டியது கிதரை அல்ல. கிதரின் பரிசலை.

அந்த வருஷம் மழை கொட்டிக் குளம் கரை தட்டி நின்றது. வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி கொடுத்த எருமைத் தோலை மூங்கில் பின்னலில் இழுத்துத் தைத்து, தார் பூசி, கிதர் ஒரு பரிசல் செய்துவிட்டார். காவேரியில் பரிசல் ஏறிப் பார்க்க ஆசை என்று டீக்கடையில் என்றைக்கோ நல்லுசாமி வாய் தவறிச் சொன்னதற்காக.

"உனக்காகத்தான் மாப்ளே செஞ்சேன். காவேரி என்ன பெரிய காவேரி? தெனம் காலம்பற நம்ம குளத்துல ஒரு சுத்து."

முதல் நாளே நல்லுசாமி இரண்டு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பரிசல் சுற்றச் சுற்ற மலைக்கோட்டையும் கூடவே சுற்றியது. காலமெல்லாம் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் மிதித்தவர்தான். ஆனால் தொட்டிக்கு அடி உண்டு. இதற்கு? நீச்சலும் தெரியாது. கிதர் துடுப்பைப் பிடித்தபடி, "எப்படி மாப்ளே?" என்று ஆசையாகக் கேட்டதும், "சொர்க்கம் மாமா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? விடிந்தால் குளம். மழைத் தூறலில் கொஞ்சம் படுத்துக் கிடக்கலாம் என்றாலும் மனைவி பேச்சாயி விடமாட்டாள். "எந்திரிங்க, அண்ணன் காத்துக் கெடப்பாரு" என்று தூக்குப்போணியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அதனால்தான் கத்தி.

குளக்கரை ஏறும்போது சைக்கிளில் வந்த போலீஸ்காரர் காலை ஊன்றி நின்றார்.

"யோவ், உச்சி வெயில்ல எங்க? சாராயமா?"

"இல்லீங்க ஐயா."

"வாய ஊது."

நல்லுசாமி ஊதினார். பழைய சோற்றுக்குக் கடித்த வெங்காயம் வேலை செய்தது. போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெடலை மிதித்தார்.

கிதர் வீட்டுக் கொல்லை குளக்கரையில் போய் முடியும். அங்கேதான் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. அடுப்படியில் கிதரின் மனைவி காதர் பீவி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. நல்லுசாமி குனிந்து, விளிம்போரமாகக் கத்தியை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். "மன்னிச்சுக்க மாமா" என்று பரிசலிடமே சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு போனார். பரிசல் ஜம்மென்று தண்ணீரில் நின்றது. கிழித்த இடத்தில் நெருக்கமான தையல். மேலே புதுத் தார்.

"ஏறு மாப்ளே" என்றார் கிதர். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிதாகக் கிழித்தார். தைத்திருந்தது. அதற்கடுத்த வெள்ளி குறுக்கே கிழித்தார். அதுவும் தைத்திருந்தது. அவர் கை வைக்காத நடுப்பகுதியில்கூடத் தையல்கள் கிடந்தன. நைந்துபோன இடத்தையெல்லாம் தேடித் தேடித் தைக்கிறாரே மனுஷர், எல்லாம் எனக்காகத்தானே என்று நினைத்தபோது நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில், நடுக்குளத்தில் வைத்து உடைந்துபோனார்.

"மாமா, என்னைய இங்கனயே தள்ளிவிட்ரு. பரிசலக் கிழிச்ச பாவி நாந்தான்."

கிதரின் துடுப்பு நின்றது. பரிசல் தன் பாட்டுக்குச் சுற்றியது.

"எந்தக் கிழிசல்?"

"விளிம்போரம் கெடக்குறது எல்லாம்."

"நடுவுல கெடக்குறது?"

"அது நானில்ல மாமா."

"அது நாந்தான்லே!" கிதர் துடுப்பைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "எனக்கும் தண்ணியக் கண்டா ஈரக்கொல நடுங்குது. நீ சொர்க்கம்னுட்ட. எப்படி நிப்பாட்டச் சொல்ற? நீ மத்தியானம் அசந்து தூங்கையில நானும் கத்தியப் போட்டேன். மக்காநாளு பாத்தா தச்சுக் கெடக்கு. சரிதான், மாப்ளைக்கு அம்புட்டு ஆசைபோலன்னு வாயை மூடிக்கிட்டேன்."

சிரித்த சிரிப்பில் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. "ஆடாதலே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

கரையேறியதும் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பரிசலை இழுத்துக் கிழித்துப் போட்டார்கள்.

"நாளையில இருந்து வீட்டுலயே கெடப்போம் மாப்ளே. அடுப்படியில பக்கத்துல உக்காந்து, வெஞ்சனத்துக்கு உப்பு இம்புட்டு, புளி இம்புட்டுன்னு எடுத்துச் சொல்லுவோம். அவுகளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

யார் தைத்தது என்று கேட்க அந்தச் சந்தோஷத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் இருவரும் டீக்கடைக்குக் கிளம்பிய பிறகு, கொல்லைக்கு வந்த பேச்சாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன மதினி, இந்தத் தடவ இம்புட்டுப் பெரிசாக் கிழிச்சு வச்சிருக்காக!"

"ரெண்டு பேரும் நாலு நாளு வீட்டுல கெடந்தா, இது சின்னதாத் தெரியும்" என்றபடி காதர் பீவி கோணி ஊசியில் சணலைக் கோத்தாள்.