ஒரு ஃபைல் விடாமல்

என் தோழி ரோவீனா ஹோபார்ட் நகரத்தில் என் வீட்டில் ஒளிந்திருப்பது அவள் புருஷன் கிரெய்குக்குத் தெரியாது. தெரிந்தால் அவளை உயிரோடு விடமாட்டான்.

அவளுடைய குட்டி லினக்ஸ் லேப்டாப்பை அவன் சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். அதிலிருந்த எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்த பேக்கப் டிஸ்க்கை மட்டும் அவளுடைய வக்கீல் மூலமாகக் கொடுத்தனுப்பினான்.

"என் படிப்பு கெடக் கூடாதுன்னு நெனச்சிருக்கான், பாவம்," என்றாள்.

"அடிச்சவனுக்குப் பாவம் பாக்குறியா? முதல்ல உன் மூளையத்தான்டி அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்!"

பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்து டிஸ்க்கைச் செருகினேன்.

"உன் ஆய்வுக் கட்டுரைய மட்டும் எடுத்தாப் போதுமா?"

"எல்லாமே வேணும். எதுவும் மாறக் கூடாது."

மொத்தத்தையும் அப்படியே ஏற்றினேன். திரையில் அவளுடைய நாய்க்குட்டிப் படம் வந்ததும் இருவரும் கத்திக் குதித்தோம்.

அப்போது கேமரா விளக்கு தானாக எரிந்தது.

"ரோவீனா, இந்த பேக்கப்ப எடுத்தது யாரு?"

"கிரெய்க்தான். லினக்ஸ் போட்டுக் குடுத்ததே அவன்தான். ஏன் கேக்குற?"

நான் பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து எழுத்துகள் வந்தன.

"உன் ஃப்ரெண்டுக்கு நன்றி சொல்லு. உன் பின்னாடி ஜன்னல்ல தெரியுற தெரு எனக்குத் தெரியும். கிளம்பிட்டேன்."