வக்கீலும் வெள்ளை நாயும்

மாலை வெயில் தெருவில் சாய்ந்து கிடக்கிறது. தெருநாய்க் காப்பகத்திலிருந்து கூட்டிவந்த எங்கள் நாய் என் காலை உரசியபடி நடக்கிறான். எந்த நாயைக் கண்டாலும் வாதாடாமல் விடமாட்டான் என்பதால் வீட்டில் அவன் பெயர் வக்கீல். பக்கத்து வீட்டு நாயை ஏற்கெனவே கடித்துவிட்டான். மறுபடி கடித்தால் காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு வெள்ளை நாய் தன் எஜமானரோடு திரும்புகிறது. வக்கீலின் காது நிமிர்கிறது, முதுகில் முடி சிலிர்க்கிறது. நானோ மாவீரனைப் போல அவன் கழுத்து வாரைக் கையில் சுற்றி இழுத்துப் பிடிக்கிறேன். “ஏங்க, கையைத் தளர விடுங்க. நீங்க இழுத்தா ஏதோ ஆபத்துன்னுதானே அவன் நினைப்பான்?” என்கிறாள், அவித்த கோழித் துண்டுகளோடு பின்னால் வரும் மனைவி. “நான் எங்கே இழுத்தேன்?” “விரலைப் பாருங்க. அவன் சும்மாதான் நிக்கிறான், நடுங்குறது நீங்கதான்.” பார்க்கிறேன், விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. எதிர்ச்சாரிக்கு ஒதுங்கி, மனசில்லாமல் பிடியைத் தளர்த்துகிறேன். வார் தொய்ந்து தொங்குகிறது. வெள்ளை நாய் நெருங்குகிறது. வக்கீலின் தொண்டையில் ஓர் உறுமல் கிளம்பி, பாதியிலேயே அமுங்குகிறது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, ‘இப்ப என்ன செய்யட்டும்?’ என்பதுபோல என் முகத்தைப் பார்க்கிறான். “சண்டைக்குப் போகாம உங்களைப் பார்க்கிறான், குடுங்க, சீக்கிரம் குடுங்க!” என்று மனைவி துண்டுகளை என் கையில் திணிக்கிறாள். மண்டியிட்டு நீட்டுகிறேன். கோழியைத் தின்றுவிட்டு, என் உள்ளங்கை வியர்வையையும் பொறுமையாக நக்குகிறான். “எழுந்திருங்க, அந்த நாய் எப்பவோ போயிடுச்சு” என்கிறாள் மனைவி. நான் எழுந்திருக்கவில்லை, அவன் இன்னும் நக்கி முடிக்கவில்லையே.