பானட்டின் மேல் ஒரு சுடிதார்

இடது கையால் அந்தத் துணியைத் தள்ளிவிட்டபோது டிரைவருக்குத் தன் பேச்சு பிடித்திருந்தது.

"பானட்டு மேல என்னம்மா ஈரத்துணி? கவர்மென்ட் பஸ்ஸு என்ன உங்க வீட்டுக் கொடியா?"

முன்சீட்டுகளில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எஞ்சினை மூடியிருந்த அந்தத் தகரப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண், மடியில் விழுந்ததை அவசரமாகச் சுருட்டினாள். சுருளவில்லை. துணியின் ஒரு கை நீண்டு தொங்கியது.

நீலச் சுடிதார். பள்ளிச் சீருடை.

கண்ணாடியில் பார்த்தார்.

அவளுக்குப் பக்கத்தில் மகள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கலாம். அம்மாவின் நைட்டி, மேலே ஸ்வெட்டர், மடியில் புத்தகப்பை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஷட்டர் இறக்கியிருந்தது. பார்க்க ஒன்றுமில்லை.

"ஒரு செட்டுதாங்க இருக்கு," என்றாள் அம்மா, யாரிடமோ போல.

பதினேழு நாளாக மழை. எஸ்டேட் லயன் வீடுகளில் எதுவும் காய்வதில்லை.

இருபது வருடமாக, பானட்டிலிருந்து வரும் சூட்டைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டிவந்தார். எரிகிற டீசல் முழுவதையும் எந்த எஞ்சினாலும் ஓட்டமாக்க முடியாது, பாதிக்கு மேல் சூடாக வெளியே விட்டால்தான் அது அடுத்த சுற்றுச் சுற்றும் என்று டிப்போவில் சொல்வார்கள். முழங்காலைப் புழுக்கும் வீண் சூடு. யாருக்கும் ஆகாதது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

கேட்டால் எல்லோரும் மறுபடி அவளைப் பார்ப்பார்கள்.

மூடிக்கொண்டார். முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வளைவு இருக்கையில் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"என்னண்ணே?" என்றார் கண்டக்டர் சகாயம்.

"எஞ்சின் சூடாயிருச்சு. பத்து நிமிசம் நிக்கணும்."

"சூடானா ஆஃப் பண்ணணுமேண்ணே! நீங்க என்ன, ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

 அவர் மிதித்த காலை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே பஸ் உறுமியது.

சகாயம் பானட்டைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் மடியைப் பார்த்தார். பிறகு, பானட்டின் மேலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.



வைப்பர் போய்வந்தது.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது முழங்கையில் மெல்ல, பானட்டின் மேல் விரிந்த ஈரத்துணியின் ஓரம் பட்டது. அவர் திரும்பவில்லை.