ஆறாவது மீட்டரில் பஞ்சம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என்னிடம் மிச்சமிருக்கும் நாலு பல்லும் விழட்டும். ஏரிச்சேற்றில் உள்ள உப்புகளைச் சோதித்துப் பழங்கால மழையையும் வறட்சியையும் கண்டுபிடிக்கும் செண்பகவல்லி, ஒரு பெரும்பஞ்சத்தின் ஆரம்பத்தை ஐந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று ஏரியின் அடியில் இறக்கிய கண்ணாடிக் குழாயை அவளும் படகோட்டி சவரியாரும் இழுத்தார்கள். கருஞ்சேற்றுக்குக் கீழே, ஆறாவது மீட்டரில், வெள்ளை உப்பு அடுக்கு மேலேறி வந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய பஞ்சம். அது வெயிலைக் கண்டதும் பாட்டில் தண்ணீர் வறண்டது, சவரியாரின் உதடு வெடித்தது, ஏரி ஒரு முழம் இறங்கியது.

"யம்மா, அத உள்ளயே தள்ளிவிடுங்க! ஊரே தாகத்துல சாவும்!"

"தள்ளுனா அடுக்கு கலஞ்சிரும்ணே. அஞ்சு வருஷம் வீணாப் போயிரும். பஞ்சத்துக்கு முந்தி மழை பேஞ்சிருக்கணும். இன்னும் ஒரு சாண் இழுங்க."

"மழை இல்லன்னா?"

"இருக்கும். பேசாம இழுங்கண்ணே."

உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தாள். வெள்ளைக்கு அடியில் மறுபடி கருஞ்சேறு எட்டிப்பார்த்ததும், படகு மூழ்குகிற அளவுக்கு மழை கொட்டியது. மழைநீர் உள்ளே புகாதபடி குழாயின் வாயைக் கையால் அடைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

அந்த ஏரி சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குவாரிப் பள்ளம். அதில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தே முப்பது வருஷம்தான் ஆகிறது; நாலாயிரம் வருஷத்துச் சேறு எப்படி வந்ததென்று என்னைக் கேட்காதீர்கள்.