சட்டைப்பையில் வைத்த அட்டை

குண்டுவெடிப்பில் அழகர் செத்த பிறகு, அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போன வழியில் அவன் மனைவி ஆறாயி தினமும் காலையில் நடந்தாள். அக்கா வீட்டின் ஒற்றை அறையில் அழ இடமில்லை.

தகனத்தன்று அவனுடைய அடையாள அட்டையை அவளேதான் அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"எரிக்கப்போற ஆளுக்கு ஐசி எதுக்குடி?" என்றாள் அக்கா.

"போற வழியில மறிப்பாங்கக்கா."

கருமாதிக்கு மறுநாள், சோதனைச் சாவடியில் சிப்பாய் அவளுடைய அட்டையை வாங்கினான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக் கொஞ்சம் பொறுத்தான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சரி, ரெண்டு பேரும் போ" என்றான் அரைகுறைத் தமிழில்.

அவள் கையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று வியர்வையில் நனைந்திருந்தது.

ஆறாயி நடைபாதையில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்தாள்.