சொல்லாமல் போன அட்டை

“இந்த அட்டை யார் செஞ்சது? கண்ணுலயே நிக்குதே.”

மேலாளர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கேட்டார்.

“புதுசுதான் சார்,” என்றார்கள் நாலைந்து பேர். அண்மையில் சேர்ந்த பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மருத்துவமனைக்கான அந்தச் செயலியின் முகப்புத் திரை முழுவதும் அவள் கட்டியது. அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் சிறு அட்டை மட்டும் புதுசு செய்தது. தொட்டால், மருத்துவரைப் பார்க்க நேரம் பதியும் திரை திறக்கும். அவ்வளவுதான். வீடு கட்டியவள் இங்கே இருக்க, வாசல் மணிக்குப் பாராட்டு விழா.

பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். “நாளைக்கு மருத்துவமனைக்காரங்க வந்து பார்த்ததும், இனி குழுத்தலைவர் யாருன்னு மேலாளர் சொல்லப் போறாராம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதா?”

“எனக்கு வேலை இருக்கு. உங்களுக்கு இல்லையா?”

நாற்காலி வந்த வழியே உருண்டு போனது.

பெரியக்கா தன் கைபேசியில் அட்டையைத் தொட்டாள். பதிவுத் திரை திறந்தது. பின்செல்லும் பொத்தானைத் தொட்டாள். முகப்பு வரவில்லை, செயலியே மூடிக்கொண்டது.

காரணம் அவளுக்கு உடனே விளங்கியது. ஒரு திரைக்குள் குடியிருக்கும் அட்டை, தானாக அடுத்த திரைக்குத் தாவக் கூடாது. தன்னைத் தொட்டார்கள் என்று தாய்த் திரையிடம் சொல்ல வேண்டும்; அழைத்துப் போவது தாயின் பொறுப்பு. இந்த அட்டையோ சொல்லாமல் கிளம்பிவிட்டது. அதனால்தான் திரும்பி வர வழியில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதுசு திருத்திவிடுவாள்.

“அக்கா, என் அட்டையைப் பார்த்தீங்களா?” புதுசே மேசையருகே வந்து நின்றாள். “தப்பிருந்தா திட்டிடுங்க, வாங்கிக்கறேன்.”

“பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு,” என்றாள் பெரியக்கா, விசைப்பலகையைப் பார்த்தபடி.

மறுநாள் கூட்ட அறையில், மருத்துவமனை நிர்வாகியான அம்மாள் அட்டையைத் தொட்டார். பதிவுத் திரை திறந்தது. பெரியக்கா புதுசின் முகத்தையே பார்த்திருந்தாள். அந்தச் சிரிப்பு அணைவதை அவள் பார்க்க வேண்டும்.

நிர்வாகி பின்செல்லும் பொத்தானைத் தொட்டார்.

முகப்பு சமர்த்தாக வந்து நின்றது.

“போகுது, வருது. எங்க நோயாளிகளுக்கு இதுதான் வேணும்,” என்றார் அவர்.

“நேத்து வரைக்கும் திரும்பி வரலை மேடம். என்னோட தப்புதான்,” என்றாள் புதுசு. “அக்காதான் கண்டுபிடிச்சாங்க.”

மேலாளர் மேசையைத் தட்டினார். “குழுத்தலைவருக்கு வேண்டியது இந்தக் கண்ணுதான். இனி அந்தப் பொறுப்பு பெரியக்காவுக்கு.”

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் கலைந்ததும், பெரியக்கா புதுசை நடைவழியில் நிறுத்தினாள்.

“நான் எங்கே கண்டுபிடிச்சேன்? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்.”

“சொன்னீங்க. ஆனா எப்பவும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவீங்க, திட்டும்போதுகூட. நேத்து பார்க்கலை. அப்பவே ஏதோ தப்பிருக்குன்னு புரிஞ்சுபோச்சு. உட்கார்ந்து தேடினேன். அட்டை சொல்றதைக் கேட்டுக்க உங்க முகப்புல ஏற்கெனவே வழி வச்சிருந்தீங்க. நான்தான் சொல்ல வைக்கலை.”



புதுசு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பக்கத்து இருக்கைக்காரர் காது நம்ம பக்கமே இருந்துச்சு. அவர் முன்னால என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதானே அக்கா அப்படிச் சொன்னீங்க?”